எளிமையாக உடுத்த யாருக்கு உரிமை?

பிரெஞ்சுப் பெண்களைப் போல உடுத்துவது எப்படி என்று சொல்லித்தருகிற புத்தகங்கள் ஆங்கிலத்தில் அலமாரி அலமாரியாக வந்துவிட்டன. அவற்றின் சாரம் இன்று கைபேசி வழியாக நம் வீட்டுத் திண்ணைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. வடிகட்டிப் பார்த்தால் சில கட்டளைகள்தான் மிஞ்சும். துணி குறைவாக வாங்கு, நல்லதாக வாங்கு. கறுப்பு, வெள்ளை, கருநீலம், மணல் நிறம் போதும். நகை ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். முகத்தில் பூசியது பூசியதாகத் தெரியக்கூடாது. கூந்தல் சற்றே கலைந்திருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அழகுக்காக நீ மெனக்கெட்டாய் என்று எவருக்கும் தெரியக்கூடாது.

எங்கள் ஆய்க்குடியில் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே இந்தக் காணொலிகளைப் பார்க்கிற பெண்கள் உண்டு. அப்படிப் பார்த்த என் அக்கா மகள் ஒருநாள் கேட்டாள்: "சித்தி, நாம உடுத்துற கலரெல்லாம் பட்டிக்காட்டுக் கலருங்காங்களே, நெசமாவா?" அவள் கேட்டது நிறத்தைப் பற்றி. எனக்கு அது வரலாற்றைப் பற்றிய கேள்வியாகப் பட்டது. இந்தக் கட்டுரை அதற்கான பதில்.

அந்த அறிவுரைகளை நான் மொத்தமாகத் தள்ளவில்லை. தீபாவளிக்கு வட்டிக்கு வாங்கி ஐந்து சேலை எடுப்பதைவிட, ஐந்து வருடம் உழைக்கிற ஒரு சேலை எடுப்பது நல்லது. முகம் வெளுக்க வைக்கும் களிம்புகளை விட்டொழித்து உள்ள நிறத்தோடு நடமாடச் சொன்னால், அதைச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்கலாம். என் சிக்கல் வேறு. 'பிரெஞ்சுப் பெண்ணின் இயல்பு' என்று ஒன்று பிறவியிலேயே அவளுக்கு வாய்த்ததுபோல் இவர்கள் பேசுகிறார்கள். அந்த இயல்புக்குப் பின்னால் தடைச் சட்டங்களும் காவல்துறை அனுமதிச் சீட்டுகளும் வேலைநிறுத்தங்களும் இருக்கின்றன. நம் கரையிலிருந்து போன துணியும் இருக்கிறது.

சோழமண்டலத்துத் துணியும் பாரிஸ் தெருவும்

17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பெண்களின் மனத்தைக் கவர்ந்த துணி பிரான்சில் நெய்யப்படவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கப்பலில் போன பருத்தித் துணி அது. அதில் அச்சிட்டோ தூரிகையால் எழுதியோ பூவும் கொடியும் இருக்கும். சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் எத்தனை முறை துவைத்தாலும் போகாது. துவைத்தால் சாயம் போகாத வண்ணப் பருத்தி அன்றைய ஐரோப்பாவுக்குப் புதுமை. பிரெஞ்சுக் கம்பெனி 1674இல் புதுச்சேரியில் கால் ஊன்றியதற்கு இந்தத் துணியும் ஒரு காரணம்.

பட்டு நெசவாளர்களும் கம்பளி வியாபாரிகளும் கூச்சலிட்டார்கள். 1686இல் பிரெஞ்சு அரசு இந்திய அச்சுத் துணிகளுக்குத் தடை போட்டது. வெளியிலிருந்து கொண்டுவருவதும் உள்நாட்டில் அதைப்போல அச்சிடுவதும் குற்றமாயின. பின்வந்த ஆணைகள் அதை உடுத்துவதையும் குற்றமாக்கின. தெருவில் பூப்போட்ட பருத்தி கவுனோடு நடந்த பெண்கள் அபராதம் கட்டினார்கள். கள்ளத்தனமாகக் கடத்தியவர்களுக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை வரை கிடைத்தது. ஆனாலும் பெண்கள் உடுத்துவதை நிறுத்தவில்லை. பணக்கார வீடுகளில் வெளிப்படையாகவே உடுத்தினார்கள். மாட்டிக்கொண்டு தண்டம் கட்டியவர்கள் பெரும்பாலும் சாதாரணப் பெண்கள். 1759இல், எழுபத்து மூன்று வருடத்துக்குப் பிறகு, அரசு தோற்றுப்போய்த் தடையை நீக்கியது.

இன்று 'பட்டிக்காட்டுக் கலர்' என்று ஒதுக்கச் சொல்கிற பளிச்சென்ற சிவப்புக்கும் நீலத்துக்கும் பிரெஞ்சுப் பெண்கள் மூன்று தலைமுறை அபராதம் கட்டியிருக்கிறார்கள். மணல் நிறம்தான் பிரெஞ்சு ரசனை என்று சொல்கிறவர்கள் இந்த எழுபத்து மூன்று வருடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

அரசியின் எளிமை

எளிமை எப்போது பிரெஞ்சு நாகரிகமானது? அதற்கு ஒரு படம் இருக்கிறது. 1783இல் எலிசபெத் விஜே லெ ப்ரன் என்ற பெண் ஓவியர், அரசி மரி அந்துவானெத்தை வெள்ளை மஸ்லின் கவுனில் வரைந்து கண்காட்சியில் வைத்தார். இடுப்பில் ஒரு பட்டி, தலையில் வைக்கோல் தொப்பி, கையில் ரோஜா. நகை இல்லை. இன்றைய காணொலிகள் கேட்கிற எல்லா லட்சணமும் அதில் இருந்தன. ஊரே கொதித்தது. அரசி உள்ளாடையோடு நிற்கிறாள் என்றார்கள். பிரெஞ்சுப் பட்டை விட்டு வெளிநாட்டுப் பருத்தியை உடுத்துகிறாள் என்றும் சொன்னார்கள். படத்தைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிட்டு, பட்டுக் கவுனில் வேறு படம் வரைந்து வைக்க வேண்டியதாயிற்று.

அரசி அந்தக் கவுனில் எளிமையாகத் தெரிந்ததற்குக் காரணம் அவள் அரசி என்பது. அதே வெள்ளைக் கவுனை அவளுடைய சலவைக்காரி உடுத்தியிருந்தால் அதை எளிமை என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்; அவளிடம் இருப்பது அவ்வளவுதான் என்று போயிருப்பார்கள். வேறு எதையும் உடுத்த முடிந்தவள் குறைவாக உடுத்தினால் அது ரசனை. வேறு எதையும் உடுத்த முடியாதவள் குறைவாக உடுத்தினால் அது வறுமை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்க்குடிக்கு வரும்போது இது நமக்கு உதவும்.

ஆறே வருடத்தில் புரட்சி வந்தது. 1793 அக்டோபர் 29 அன்று தேசிய மன்றம் ஓர் ஆணை போட்டது: இன்ன மாதிரிதான் உடுத்த வேண்டும் என்று எவரும் எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரவர் பாலுக்கு உரிய உடைக்குள் மட்டும்தான் அந்தச் சுதந்திரம். மறுநாள், அக்டோபர் 30 அன்று, அதே மன்றம் பெண்களின் அரசியல் சங்கங்களைத் தடை செய்தது. நான்கு நாள் கழித்து, பெண்களின் உரிமைகளைப் பிரகடனமாக எழுதிய ஒலாம்ப் து கூஜ் கில்லட்டினில் கொல்லப்பட்டார். என்ன வேண்டுமானாலும் உடுத்திக்கொள், கூட்டம் மட்டும் போடாதே என்பதே அந்த வாரத்தின் பொருள்.

1800 நவம்பரில் பாரிஸ் காவல்துறை இன்னோர் ஆணை பிறப்பித்தது. ஆண்களைப் போல உடுத்த விரும்பும் பெண், அதாவது கால்சட்டை அணிய விரும்பும் பெண், காவல்துறைத் தலைமையகத்துக்குப் போய் அனுமதி வாங்க வேண்டும். குதிரைகளையும் மாடுகளையும் வரைந்து உலகப் புகழ் பெற்ற ரோசா பொனர், சந்தைகளிலும் கசாப்புக் கூடங்களிலும் நின்று படம் வரைய வேண்டியவர். 1857இல் அவர் வாங்கிய அனுமதிச் சீட்டு ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். பிறகு 1892இலும் 1909இலும் விதியைச் சற்றுத் தளர்த்தினார்கள்: கையில் குதிரையின் கடிவாளமோ சைக்கிளின் கைப்பிடியோ இருந்தால் கால்சட்டை போடலாம். அந்தப் பழைய ஆணை செல்லாது என்று பிரெஞ்சு அமைச்சர் ஒருவர் அதிகாரபூர்வமாக எழுதிக் கொடுத்தது 2013 ஜனவரியில்.

இன்னும் இரண்டு தேதிகள். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை 1944இல் வந்தது. சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு 1921லேயே வந்துவிட்டது. பிரெஞ்சு மனைவி ஒருத்தி கணவனின் சம்மதம் இல்லாமல் வேலைக்குப் போகவும் தன் பெயரில் வங்கிக் கணக்கு வைக்கவும் 1965இல்தான் சட்டம் வழிவிட்டது. எதைப் பற்றியும் அலட்டிக்கொள்ளாத, தன் இஷ்டப்படி வாழ்கிற பிரெஞ்சுப் பெண் என்ற படம் விற்பனைக்கு வந்த காலத்தில், அந்தப் பெண்ணின் சம்பளம் சட்டப்படி அவள் கையில் முழுதாக இல்லை.

புதுச்சேரியில் ஒரு ஜோடி பூட்ஸ்

பிரெஞ்சு உடையை நம் ஊரில் உரிமையாகக் கேட்டவர்களும் இருந்தார்கள். 1873இல் புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பிய பூட்ஸும் காலுறையும் போட்டுக்கொண்டு நுழைந்தார். உள்ளூர்க்காரர் அப்படி வரக்கூடாது என்று நீதிபதி தடுத்தார். பிள்ளை விடவில்லை. வழக்கு பாரிஸின் உச்ச நீதிமன்றம் வரை போய், அவர் பக்கம் தீர்ப்பானது. பிறகு 1881இல் வந்த ஆணை, சாதி வழக்கத்துக்கும் மத வழக்கத்துக்கும் உட்பட்ட தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வர வழி திறந்தது. துறந்தவர்கள் புதிய குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பொன்னுத்தம்பி, லாப்போர்த் ஆனார். அந்தப் பெயருக்குக் கதவு என்று பொருள்.

ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பலருக்கு அது உண்மையிலேயே கதவுதான். ஆனால் அந்தக் கதவுக்குள் நுழைந்த பெண்ணுக்கு என்ன காத்திருந்தது? கணவனுக்கு மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதி வைத்திருந்த 1804ஆம் வருட நெப்போலியன் சட்டம். அந்த வரி நீக்கப்பட்டது 1938இல். ஆணுக்கு பூட்ஸோடு சேர்ந்து சமத்துவம் வந்தது. பெண்ணுக்குக் கவுன் வந்தது, கீழ்ப்படிதலும் கூடவே வந்தது.

மலையாளத்து ராஜாவின் ஆய்க்குடி

தென்காசியிலிருந்து பஸ் ஏறினால் ஆய்க்குடிக்கு அரை மணி நேரம் கூட ஆகாது. இன்று இரண்டும் ஒரே மாவட்டம். ஆனால் 1956 நவம்பர் 1 வரை இரண்டும் வெவ்வேறு ஆட்சி. தென்காசி வெள்ளைக்காரனின் திருநெல்வேலி ஜில்லா. ஆய்க்குடியோ, சாம்பவர்வடகரை, கிளாங்காடு ஆகிய ஊர்களோடு சேர்த்துத் திருவிதாங்கூரின் செங்கோட்டைத் தாலுகா. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'மலையாளத்து ராஜா காலம்' என்றுதான் சொல்வார்கள். அதே மலை, அதே சாரல், அதே தமிழ். நடுவில் ஓர் எல்லைக்கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் யார் எதை உடுத்தலாம் என்பதைத் திருவனந்தபுரத்து அரண்மனை முடிவு செய்தது.

அந்த ராஜ்யத்தில் மார்பை மறைப்பது வெட்கம் சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கவில்லை. மேலே இருப்பவர் முன்னால் கீழே இருப்பவர் மேல்துணியை விலக்க வேண்டும் என்பது மரியாதைக் கணக்கு. நாயர்ப் பெண்ணுக்கு அவளுக்கு மேலே உள்ளவர் முன் ஒரு விதி. நாடார், ஈழவப் பெண்களுக்கு அதைவிடக் கடுமையான விதி. புலையர், பறையர் பெண்களுக்கு எல்லாவற்றிலும் கடுமையான விதி. உடை என்பது பெண்ணின் உடம்பின் மேல் எழுதப்பட்ட சாதிச் சான்றிதழ்.

1814இல் திவானாகவும் ரெசிடெண்டாகவும் இருந்த மன்றோ, கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் என்ற சட்டையை அணியலாம் என்று அனுமதித்தார். அவர்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. தோளின் மேல் ஒரு சீலையையும் போட்டார்கள். அது உயர்சாதிப் பெண்கள் போடும் முறை. 1820களில் கல்குளம், இரணியல் பக்கம் சந்தையில் வைத்தே பெண்களின் தோள்சீலையைக் கிழித்தார்கள். 1829 பிப்ரவரியில் அரசு ஒரு பிரகடனம் வெளியிட்டது: குப்பாயம் சரி, தோள்சீலை கூடாது. பெண்கள் கேட்கவில்லை. முப்பது வருடம் இப்படியே போய், 1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் மறுபடி கலவரம் மூண்டது. வீடுகளும் ஜெபக்கூடங்களும் எரிந்தன. சென்னை கவர்னர் ட்ரெவெல்யன் நெருக்கியதால், 1859 ஜூலை 26 அன்று மகாராஜா இன்னொரு பிரகடனம் செய்தார்.

தோள்சீலைப் போராட்டத்தின் வெற்றி என்று நாம் கொண்டாடுகிற அந்தப் பிரகடனத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். நாடார்ப் பெண்கள் சட்டை போடலாம். முரட்டுத் துணியை முக்குவப் பெண்களைப் போலச் சுற்றிக் கட்டலாம். வேறு எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. மறைக்கும் உரிமையைக் கொடுத்த அதே கை, துணியின் தரத்தையும் கட்டும் முறையையும் பிடித்து வைத்துக்கொண்டது. எளிமையாக உடுத்து என்பது அங்கே அழகுக் குறிப்பாக வரவில்லை, அரசாணையாக வந்தது.

மோதல்கள் நடந்தவை தெற்குத் தாலுகாக்கள். ஆய்க்குடி அவற்றுக்கு வடக்கே, மலைக்கு இந்தப் பக்கம். ஆனால் முத்திரை ஒன்றுதான். பாரிஸில் ரோசா பொனர் கால்சட்டைக்குச் சீட்டு வாங்கி இரண்டு வருடத்தில் இது நடந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சீட்டு இல்லாமல் போன பாரிஸ்காரிக்கு அபராதமோ அவமானமோ கிடைத்திருக்கும். தோள்சீலை போட்ட பெண்ணுக்கு வீடே எரிந்தது. ஆனாலும் இரண்டு இடத்திலும் பெண்ணின் துணியை ஓர் ஆண் அதிகாரி அளந்து பார்த்தான் என்பது பொது.

ரேந்தை பின்னிய கைகள்

இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்துவது வேறொரு துணி. 1820களில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட், பெண் பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். ஒரு தலையணை மேல் கோலம் வரைந்த காகிதத்தை வைத்து, புள்ளிக்கு ஓர் ஊசியாகக் குத்தி, சின்னச் சின்ன மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கடத்திப் பின்னுகிற வேலை அது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இத்தாலியிலும் ஏழைப் பெண்கள் இருநூறு வருடமாகச் செய்துவந்தது. கண் போகும், முதுகு வளையும், ஒரு சாண் பின்ன நாள்கணக்காகும். மார்த்தாவின் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து 1844இல் இடையன்குடிக்கு வந்தபோது இந்த வேலையையும் கூடவே கொண்டுவந்தார். திருநெல்வேலித் தேரிக்காட்டுக்கு ரேந்தை வந்தது அப்படித்தான்.

அந்த ரேந்தை யாருக்குப் போனது? இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கும் கடல் தாண்டி அங்கிருந்த பெண்களுக்கும். கழுத்துப்பட்டியிலும் கைவிளிம்பிலும் அது ஏறியது. தன் தோளில் ஒரு முழத் துணி போட்டதற்காகச் சந்தையில் கிழிபட்ட சமூகத்துப் பெண், இன்னொருத்தியின் கழுத்துக்கு அந்த மெல்லிய வெள்ளைப் பின்னலைச் செய்து கொடுத்தாள். ஐரோப்பியப் பெண்ணின் நளினத்தில் நம் ஊர்க் கண்களின் வெளிச்சம் கொஞ்சம் போயிருக்கிறது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. ரேந்தைப் பள்ளியில் அடிமைக் குடும்பங்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். பின்னிச் சம்பாதித்த காசைச் சேர்த்துத் தங்களை விலை கொடுத்து மீட்டுக்கொண்ட பெண்களை மிஷனரிகள் பதிவு செய்திருக்கிறார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே சில பெண்கள் தலையணையும் ஊசியும் நூலும் கொண்டு விடுதலை வாங்கிவிட்டார்கள். அழகு சம்பந்தப்பட்ட ஒரு தொழில் பெண்ணுக்கு எதைக் கொடுக்க முடியும் என்று என்னிடம் கேட்டால், நான் இவர்களைத்தான் காட்டுவேன்.

கழற்றியதும் விடுதலையே

மேலே சொன்னதை வைத்து, நிறைய உடுத்துவதுதான் விடுதலை என்று முடித்துவிடலாமா? அதற்கும் வழியில்லை. 1904இல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் ரயில் வந்தது. அந்தப் பாதையின் மறுமுனையில், கொல்லத்துக்குப் பக்கத்தில் பெரிநாடு என்ற ஊர். புலையப் பெண்கள் கழுத்தில் கல்லுமாலை போட வேண்டும் என்பது அங்கே சாதிக் கட்டளை. பொன்னோ வெள்ளியோ கூடாது. கல்லும் பாசியும் கோத்துக் கழுத்து நிறைய. 1915இல் அய்யன்காளியின் இயக்கத்தைச் சேர்ந்த பெண்கள் அதைக் கழற்றினார்கள். மேல்சாதியினர் தாக்கினார்கள், குடிசைகளைக் கொளுத்தினார்கள். அதன் பிறகு கொல்லத்தில் கூடிய பெரிய கூட்டத்தில், பெண்கள் வரிசையாக வந்து கல்லுமாலைகளை அறுத்துப் போட்டார்கள். மாலைகள் குவியலாகக் கிடந்தன.

ஒரே ராஜ்யம், அறுபது வருட இடைவெளி. ஒரு கூட்டம் போட்டுக்கொள்வதற்காக அடிபட்டது. இன்னொரு கூட்டம் கழற்றுவதற்காக அடிபட்டது. ஆகவே 'குறைவே அழகு' என்பதும் 'நிறைவே அழகு' என்பதும் பெண் விடுதலைக்கு அளவுகோல் ஆகாது. எதைப் போடுவது, எதைக் கழற்றுவது என்ற முடிவு அவள் கையில் இருக்கிறதா என்பது ஒன்றுதான் கேள்வி.

என் ஆச்சியின் காதுகளை வைத்துத்தான் இதை நான் முதலில் யோசித்தேன். எங்கள் சீமையில் பெண் குழந்தைக்குக் காது குத்தி, துளையைப் பெரிதாக்கிக்கொண்டே போய், தோள் தொடும்வரை வளர்ப்பார்கள். அதில் பாம்படமும் தண்டட்டியும் தொங்கும். ஆச்சிக்கு அது சொத்து. பஞ்சத்தில் அடகு வைக்க ஆண்களைக் கேட்க வேண்டியதில்லை. மிஷனரிகள் காது வளர்ப்பதைக் காட்டுமிராண்டித்தனம் என்றார்கள். பிறகு படித்த மருமகள்கள் கூச்சப்பட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொங்கிய காதை வெட்டித் தைத்துக்கொண்ட கிழவிகளை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தைத்த இடத்தில் சின்னக் கம்மல் மினுங்கும். ஆச்சி தைக்க மறுத்துவிட்டாள். "எவளோ சிரிக்கான்னு எங்காத அறுக்கணுமாக்கும்?" என்றாள். அதே ஆச்சி ரவிக்கையை மட்டும் அறுபது வயதுக்கு மேல் தானாகவே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். அவளைப் பழைமைவாதி என்பதா, நவீனப் பெண் என்பதா? அவள் இரண்டையும் பற்றிக் கவலைப்படவில்லை. இரண்டு முடிவும் அவளுடையவை.

பிரான்சிலிருந்து எதை எடுக்கலாம்

பிரெஞ்சுப் பெண்களிடமிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. அது அலமாரியில் இல்லை, தையல் கூடத்தில் இருக்கிறது.

1917 மே மாதம், உலகப் போரின் நடுவில், பாரிஸின் பெரிய உடை நிறுவனங்களில் தைத்துக்கொண்டிருந்த இளம் பெண்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். விலைவாசிக்கு ஏற்ற படி வேண்டும் என்றார்கள். சனிக்கிழமை மதியம் சம்பளத்தோடு விடுமுறை வேண்டும் என்றார்கள். ஒரு கூடத்தில் தொடங்கியது இரண்டு வாரத்தில் ஆயிரக்கணக்கானவர்களின் ஊர்வலம் ஆனது. ஜூன் 11 அன்று நாடாளுமன்றம் ஆடைத் தொழிலில் உள்ள பெண்களுக்குச் சனிக்கிழமை மதிய ஓய்வைச் சட்டமாக்கியது. 1936இல் மறுபடி ஒரு பெரிய வேலைநிறுத்த அலை. அப்போது ஷனேல் நிறுவனத்தின் தையல்காரிகள் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டு, முதலாளி கோக்கோ ஷனேலையே வாசலில் நிறுத்தினார்கள். எளிய கறுப்பு கவுனை உலகத்துக்கு நாகரிகமாகக் கொடுத்தவர் என்று புகழப்படும் அதே ஷனேல். அந்தக் கவுனைத் தைத்த பெண்களுக்கு முறையான சம்பளம் வேண்டியிருந்தது.

ஆய்க்குடியிலிருந்து பார்த்தால் இந்தப் பெண்கள் எனக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்களும் எண்ணிக்கைக் கூலிக்குத்தான் வேலை செய்கிறார்கள். இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. கட்டு சரியில்லை என்று கழித்தது போகத்தான் கூலி. 1966இல் பீடித் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. வீட்டில் இருந்து சுற்றுகிறவர்களையும் அது தொழிலாளர் என்றே சொன்னது. ஆனால் வீட்டுத் திண்ணையில் செய்கிற வேலைக்கு வார விடுமுறையை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? விரல் நுனி தேய்ந்து, தூள் நெடியில் இருமி, கழுத்து வலியோடு உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம், மெனக்கெட்டது தெரியாமல் அழகாக இரு என்று கைபேசி சொல்கிறது. அவள் வாழ்க்கையில் மெனக்கெடாத பொழுது எது?

பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலில் சஷ்டிக்குக் கூட்டம் கூடும்போது பாருங்கள். கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்குச் சிவப்பு, மயில் கழுத்து நீலம். தலை நிறையப் பிச்சிப்பூ. முதுகில் கல்லும் ஜரிகையும் வைத்துத் தைத்த ரவிக்கை. இதையெல்லாம் மிகை என்று சொல்லுமுன், முரட்டுத் துணியைத்தான் சுற்றலாம் என்று அச்சடித்த பிரகடனம் இதே ராஜ்யத்தில் வந்தது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். கொள்ளுப்பாட்டிக்குத் துணியே மறுக்கப்பட்ட வீட்டில், பேத்தி ரவிக்கைக்கு ஆயிரம் ரூபாய் தையல்கூலி கொடுக்கிறாள் என்றால் அதில் கணக்குத் தீர்க்கும் சந்தோஷமும் இருக்கிறது. அதே பேத்தி நாளைக்கு வெள்ளைச் சட்டையும் கருநீலக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக விரும்பினால் அதுவும் அவள் விருப்பம். பட்டிக்காடு என்று பயந்து மாறாதவரை சரி.

ஓர் அழகு விதி நம்மிடம் வரும்போது மூன்று கேள்வி கேட்டால் போதும். இதைப் போட்டவர் யார்? இதனால் சம்பாதிப்பவர் யார்? மீறினால் அடிபடுகிறவர் யார்? 1686இலும் 1829இலும் 1915இலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்த பெண்கள்தான் விதியை மீறினார்கள். பாரிஸின் தையல்காரிகள் போராடி வாங்கிய சனிக்கிழமை மதியத்தை நம் திண்ணைகளுக்கும் கொண்டுவர வேண்டும். கூலி குறையாமல் அந்த அரைநாள் கிடைத்துவிட்டால், அன்றைக்கு என்ன நிறம் உடுத்துவது என்பதை எங்கள் ஊர்ப் பெண்களே பார்த்துக்கொள்வார்கள்.